பாலோஅப் அக்காவின் தொண்டை

திருப்பூரில் பாலோஅப் அக்காவின் போன் வராத கைபேசி ஒன்று இருந்தால், அது இன்னும் கடைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காத கைபேசியாகத்தான் இருக்கும். எடுத்து, சிம் போட்டு, ஆன் செய்துவிட்டால் தீர்ந்தது கதை. எப்படித்தான் நம்பர் கிடைக்குமோ, "ஏனுங்க, அந்த வேலை என்னாச்சுங்க?" என்று ஒரு குரல் வந்து நிற்கும்.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மெர்ச்சண்டைசர் என்பவர் வெளிநாட்டு ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நூல்காரர், சாயக்காரர், தையல்காரர், பட்டன்காரர், அட்டைப்பெட்டிக்காரர் என்று அத்தனை பேரையும் நாள் முழுக்கப் போனில் விரட்டுகிறவர். இந்த விரட்டலுக்கு இந்த ஊரில் பாலோஅப் என்று பெயர். திருப்பூர் சரக்கு கப்பலில் போவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முக்கால்வாசி தூரம் போனில்தான் போகிறது.

நான் சாத்தூர்ப் பக்கத்து ஆள். பிழைப்புத் தேடி வந்து, நல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில் இருந்த சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே மெஷினில் துணி ஓடும். மேலே நாங்கள் புரோகிராம் ஓட்டுவோம். கீழே வேகம் எடுத்தால் மேலே எங்கள் டீயில் சர்க்கரை தானாகக் கலந்துவிடும். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்காக நாங்கள் ஒரு வெப்சைட் செய்து வைத்திருந்தோம். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அதைத் திறந்தால், தன் சரக்கு கட்டிங்கில் இருக்கிறதா, தையலில் இருக்கிறதா, பெட்டிக்குள் போய்விட்டதா என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா முதலில் எங்களுக்கு வாடிக்கையாளராகத்தான் அறிமுகமானார். ஸ்கிரீனில் ஒரு தேதி தப்பாக வருகிறது என்று எங்கள் எம்.டி.க்குப் போன் செய்தார். செய்தார், செய்தார், செய்துகொண்டே இருந்தார். எம்.டி. குளிக்கும்போது, சாப்பிடும்போது, சொந்த மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் கூட மேளச் சத்தத்தைத் தாண்டி, "சார், அந்தத் தேதி..." என்று கேட்டது. எம்.டி. பாவம், தங்கமான மனிதர். கடைசியில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தம்மா நம்மளப் பாலோஅப் பண்றதுக்குப் பதிலா, நமக்கு வேலைக்கு வந்து மத்தவங்களப் பண்ணட்டுமுங்க. அதுதான் ஒடம்புக்கு நல்லது."

அப்படித்தான் அக்கா எங்கள் டிப்ளாய்மெண்ட் இன்சார்ஜ் ஆனார்.

டிப்ளாய்மெண்ட் என்றால் பயந்துவிடாதீர்கள். எங்கள் கம்ப்யூட்டரில் எழுதி முடித்த புரோகிராமை, உலகம் பார்க்கிற சர்வரில் கொண்டுபோய் ஏற்றி ஓடவிடுவது; ரிலீஸ் என்றும் சொல்வோம். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எங்கள் கம்பெனியில் ஒரு தேர்த்திருவிழா. வாராவாரம் புதன்கிழமை காலையில் நடக்கும். பையர்கள் ஊரில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. ஒருவர் பைல்களைக் கட்டுவார், ஒருவர் பழையதை எடுத்துப் பத்திரப்படுத்துவார், ஒருவர் சர்வரில் ஏற்றுவார், ஒருவர் திறந்து பார்த்து "ஐயோ" என்பார். ஒரு பைலை விட்டுவிட்டு ஏற்றுவோம். போன வார பைலை இந்த வாரம் ஏற்றுவோம். ஒரு தடவை எம்.டி. வீட்டு சீமந்த அழைப்பிதழை ஏற்றிவிட்டோம். ஜெர்மனிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சேரும் தேதி தெளிவாக இருக்கிறது, அளவு மட்டும் இல்லையே என்று கேட்டு எழுதியிருந்தார்.

இத்தனை பேரையும் இழுத்துக் கட்டி ஓட்டியது அக்காவின் போன்தான். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நாற்காலிதான் இருக்கும். ஆனாலும் போனில்தான் கூப்பிடுவார்.

"அக்கா, நான் பக்கத்துலதான இருக்கேன். திரும்பிக் கேட்டா என்னவாம்?"

"தெரியுதுங் கண்ணு. போன்ல கேட்டாத்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்குது. பைலு கெளம்பிருச்சுங்களா?"

சர்வர் மும்பையில் எங்கோ ஒரு கட்டடத்தில் இருந்தது. அந்த ஹெல்ப்லைனையும் அக்கா விட்டுவைக்கவில்லை. பவர் டேபிளில் தையல் வேலை செய்யும் பீகார்ப் பெண்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில் பிளந்து கட்டுவார். "பையா, ஹமாரா ஃபைல் உதர் ஆ கயா க்யா? உதர் பாரிஷ் ஹை க்யா?" பைல் வந்துவிட்டதா என்பது சரி, மும்பையில் மழையா என்று எதற்குக் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியாது. விசாரித்தால், "சரக்கு நனஞ்சுருச்சுன்னா ஆருங்க பதில் சொல்றது?" என்பார். ஹெல்ப்லைன் ஆள் முதலில் சிரித்தான், பிறகு சலித்தான், அப்புறம் பழகிவிட்டான். "நஹீ அக்காஜி, தூப் ஹை" என்று வெயில் நிலவரம் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

முருகனுக்கும் இதே கதிதான். கோயிலில் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை போய் நின்று, "போன வாரம் சொன்னனே சாமி, அது எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று கேட்பார். நான் கூடவே போய், காதால் கேட்டிருக்கிறேன்.

ஒரு முறை நான் லீவு போட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகல் பஸ். போனில் சார்ஜ் போய்விட்டது. நிம்மதியாகக் கண்ணை மூடினேன். மதுரை தாண்டியதும் கண்டக்டர் பஸ்ஸின் நடுவில் நின்றுகொண்டு தன் போனைத் தூக்கிப் பிடித்து, "யாருப்பா இங்க சர்வர் பாஸ்வேர்டு வச்சிருக்கறது? எந்திரிச்சு வாங்க" என்று சத்தம் போட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ஏதோ திருட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டு பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். டிப்போவுக்குப் போன் அடித்து, பஸ்ஸைப் பிடித்து, கண்டக்டர் நம்பரை வாங்கி... சரி விடுங்கள். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

இப்படியே போயிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. அக்காவின் குரல் கம்ம ஆரம்பித்தது.

நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி போனால், துணி முழுக்க ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதே மாதிரி அவர் பேச்சின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. முதலில் சளி என்றார். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒரு மாதத்தில் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க டீச்சருங்களா?" என்று கேட்டாராம். "இல்லீங்க, பாலோஅப்" என்றிருக்கிறார் இவர். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அதன் பிறகு சில வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுவென்று கூடப் பேசக் கூடாது, பேசினாலும் போச்சு, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாலும் போச்சு, குரல் திரும்ப வராது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்கா என்ன செய்தார்? தள்ளிப் போட்டார். "இந்த வாரம் ரிலீஸ் போயிரட்டுங்க" என்பார். அடுத்த வாரமும் ஒரு ரிலீஸ் இருக்கும். அதற்கடுத்த வாரமும் இருக்கும். எங்களுக்கு ரிலீஸுக்கா பஞ்சம்!

ஒரு நாள் அவர் வீட்டுக்காரர் ஆபீசுக்கு வந்தார். எங்களுக்கெல்லாம் அவர் மாமா. நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"சார், நீங்க சொன்னாத்தான் அவ கேப்பாளுங்க. நான் இல்லீன்னா ரிலீஸ் நின்னு போயிருமுங்கறா. அவ கொரலு நின்னு போயிருமுங்க சார். ஊட்டுல அவ சத்தம் இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு எறங்காதுங்க."

எம்.டி. எழுந்து நின்றுவிட்டார்.

டிப்ளாய்மெண்டை ஆட்டோமேட் செய்யலாம் என்று நான் எம்.டி.யிடம் நெடுநாளாகக் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். கம்ப்யூட்டரே புரோகிராமைச் சோதித்து, கட்டி, சர்வரில் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்க்கும். கோளாறு என்றால் அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடும். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் செய்கிறது. "அக்கா இருக்கறப்ப அதெல்லாம் எதுக்குங்க தம்பி" என்று எம்.டி. என் வாயை அடைத்துவிடுவார். அன்றைக்கு அவரே என் பக்கம் திரும்பி, "அந்தப் பட்டன் வேலைய நாளைக்கே ஆரம்பிச்சுருங்க" என்றார்.

அக்காவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. புரோகிராமைக் கண்டெய்னர் என்று நாங்கள் சொல்லும் ஒரு பொட்டலத்தில் கட்டி அனுப்புகிறோம் என்று விளக்கினேன். கப்பலில் ஏற்றும் கண்டெய்னர் ஞாபகத்தில் முகம் மலர்ந்தது. "இருபதடியா, நாப்பதடியாங் கண்ணு?" என்றார். எல்லாம் தானே நடக்கும் என்றேன். மலர்ந்த முகம் வாடியது.

"அப்பறம் ஆரு பாலோஅப் பண்றது?"

"அதுவே எல்லாருக்கும் மெயில் அனுப்பிரும்க்கா."

"மெயிலா? நீங்க மெயில் பாக்கற லச்சணம் எனக்குத் தெரியாதுங்களா? போன் அடிச்சாலே பத்து தடவ அடிச்சாத்தான் எடுக்கறீங்க. போன் பண்ணோணும். மனுசக் கொரல்ல கேக்கோணும். இல்லாட்டி நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேனுங்க."

எம்.டி. விளையாட்டாக, "அப்ப உங்க கொரலையே புடிச்சு வெச்சுக்கலாமுங்க" என்றார். அது அப்படியே நடந்தது. கம்ப்யூட்டர் போன் செய்யும். பேசுவது அக்காவாக இருக்கும். குரலில் மிச்சம் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும் என்று, மதிய இடைவேளையில் கீழே மெஷின்கள் நின்ற நேரமாகப் பார்த்து, துணிச் சுருள்கள் அடுக்கிய குடோனுக்குள் அவரை உட்கார வைத்தோம். நாலா பக்கமும் துணி. வெளிச் சத்தம் எட்டாது. சுடுதண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினார்.

ஆரம்பிக்கும்போது ஒன்று: "வணக்கமுங்க. வேலை ஆரம்பிச்சுதுங்க. ஆரும் எங்கீம் போயிராதீங்க." நல்லபடியாக முடிந்தால் ஒன்று: "போய்ச் சேந்துருச்சுங்க. ரொம்பச் சந்தோசமுங்க." இரண்டும் அருமையாக அமைந்தன. மூன்றாவதில்தான் சண்டை.

"அக்கா, 'டிப்ளாய்மெண்ட் பெயில் ஆயிருச்சு, உடனே ஓடியாங்க'ன்னு சொல்லுங்க."

"பெயிலா? ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல அந்தப் பேச்சு என் வாயில வரலாமுங்களா?"

"கோளாறுன்னா கோளாறுன்னுதானக்கா சொல்லணும்."

"காலரே இல்லாம டி-சர்ட்டு கப்பலேறிப் போயிருந்தாலும் நாங்க பையருகிட்ட 'ஒரு சின்ன விசயமுங்க'ன்னுதான் ஆரம்பிப்போம் கண்ணு. உங்க ஊரு மாதிரி எடுத்ததும் படார்னு போட்டு ஒடைக்கமாட்டோம்."

அப்புறம் மைக்கைப் பார்த்து, தேனாய் ஒரு குரலில் பேசினார்: "ஒண்ணும் அவசரமில்லீங்க. சின்னதா ஒரு சோலி இருக்குதுங்க. செத்த நேரம் கெடச்சா ஒரு எட்டுப் பாத்துக்குங்க."

மறுபடி சொல்லச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. கூட வந்திருந்த மாமா அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனார். எனக்கு அந்த மூன்று பதிவுகளும் கையில் கனத்தன.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீட்டில் வாய் மூடி உட்கார்ந்தார். போகும்போதே, "என்னோட நம்பரும் அந்த போன் லிஸ்ட்டுல இருக்கோணும், நான் காதுலதான் கேப்பேன்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, சேர்க்க வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

புதன்கிழமை வந்தது. பட்டனைத் தட்டினேன். ஹாலில் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடித்தன. "வணக்கமுங்க. வேலை ஆரம்பிச்சுதுங்க." பழக்க தோஷத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சை விழுந்துகொண்டு வந்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, 'போய்ச் சேந்துருச்சு' வரும்போது கையில் டீ இருக்கட்டும் என்று கீழே கடைக்கு இறங்கினேன்.

டீ பாதிகூட முடியவில்லை. கடைக்காரர் அவர் போனைக் காதில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தார்.

"தம்பி, உங்களைத்தானுங்க போல. ஆருன்னு தெரியல. பேச மாட்டேங்கறாங்க. டம்ளர் சத்தந்தான் வருது."

வாங்கிக் கேட்டேன். டங் டங் டங் டங்.

"அக்கா! நீங்களா? பேசிராதீங்கக்கா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயத் தொறந்துராதீங்க! ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. போன் வந்துச்சா?"

டங்.

"போய்ச் சேந்துருச்சுன்னா சொல்லுச்சு?"

டங் டங்.

"ஐயையோ. சின்ன சோலியா?"

அதற்கு வந்த தட்டுகளை எண்ண முடியவில்லை. கோயில் மணியடிப்பது மாதிரி அடித்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். ஒருவர், "அது ஆமாங்கறாங்க தம்பி, ஓடுங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். போனைக் கடைக்காரர் கையில் திணித்துவிட்டு மாடிக்குப் பாய்ந்தேன்.

மேலே ஹாலில் மயான அமைதி. எம்.டி. காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"சார், போன் வந்துச்சா?"

"வந்துதுங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லுச்சுங்க. என்ன ஒரு மரியாத! அக்கா இல்லாமயே எவ்வளவு அமைதியாப் போகுது பாத்தீங்களா?"

திரையில் ஒரு கட்டம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பழைய புரோகிராம் இறங்கிவிட்டது, புதியது ஏறவில்லை. வெப்சைட்டைத் திறந்தால் வெள்ளைத் தாள். புதிய புரோகிராமுக்கு வேண்டிய ஒரு செட்டிங் சர்வரில் இல்லை என்று எழுதிக் காட்டி, சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது மெஷின். அதைப் போட்டு, மறுபடி பட்டனைத் தட்டிவிட்டு, எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம். சிவப்பு பச்சையானது. ஹால் முழுக்கப் போன்கள் அடித்தன. "போய்ச் சேந்துருச்சுங்க. ரொம்பச் சந்தோசமுங்க." எம்.டி. முறுக்குக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பையர் நாட்டில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மாமா ஆபீசுக்கு வந்து, வீட்டில் நடந்ததைச் சொன்னார். தன் குரலே தன் காதில் "ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றதும் அக்கா கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தாராம். முதலில் எனக்கும், பிறகு எம்.டி.க்கும் போன் அடித்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. எம்.டி. பெயரைப் பார்க்காமலே எடுத்து, பேச்சு வராததால் 'ஹலோ ஹலோ' என்றுவிட்டு வைத்துவிட்டார். அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. "நானுங்க தம்பி, சாமி படத்தப் பாத்துக் கும்புட்டே போட்டேன். அவளே சட்டுனு கையால வாயப் பொத்திக்கிட்டா. மத்த கையில டம்ளர எடுத்துத் தட்ட ஆரம்பிச்சுட்டா." டம்ளர் ஒரு பக்கம் நசுங்கியிருந்ததைக் கொண்டுவந்து காட்டினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு புதனும் பட்டன் ஒழுங்காக வேலை செய்தது. வாரம் ஒன்று என்பது போய், வேண்டும்போதெல்லாம் ரிலீஸ் போனது. மூன்றாவது பதிவை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்: குரல் எவ்வளவு பணிவாக வருகிறதோ, அவ்வளவு வேகமாக ஓடி வர வேண்டும். மும்பை ஹெல்ப்லைன் ஆள்தான் தாங்க முடியாமல் ஒரு நாள் அவனாகவே கூப்பிட்டான். அக்காஜி ஏன் பேசுவதில்லை, ஏதாவது கோபமா என்று கேட்டான். ஆபரேஷன் என்றதும் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். பிறகு, இங்கே நல்ல மழை, ஆனால் உங்கள் சர்வர் நனையவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிடச் சொன்னான்.

நாட்கள் போயின. உள்ளுக்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான். குரல் வருமா?

ஒரு மத்தியானம் என் போனில் 'பாலோஅப் அக்கா' என்று வந்தது. டிப்ளாய்மெண்ட் எதுவும் அன்று பாக்கி இல்லையே என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"சொல்லுங்கக்கா, ஆமான்னா ஒரு தட்டு..."

"கண்ணு."

மெல்லிய குரல். பழைய கனம் இல்லை. பத்து பேரை எழுப்பி உட்கார வைக்கிற அந்தச் சத்தமும் இல்லை. ஆனால் நடுவில் கோடு இல்லாமல், சுத்தமாக வந்தது.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹாலே எழுந்து வந்தது.

"கத்தாதீங் கண்ணு, தொண்டைக்கு ஆகாது. இன்னிக்குத்தான் டாக்டரு பேசலாமுன்னாருங்க. மொதல்ல உங்க மாமாகிட்டப் பேசுனேன். அவரு அழுது போட்டாரு."

"ஏதாவது வேலையாக்கா? காலையில ரிலீஸ் நல்லாப் போயிருச்சே. மெஷின் உங்களுக்கும் போன் பண்ணுச்சுல்ல?"

"பண்ணுச்சுங். அவ என்னத்துக்கு அந்தக் கத்து கத்தறா, சகிக்கல." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு நாளைக்குக் கொஞ்சந்தான் பேசோணுமுன்னு அளந்து குடுத்திருக்காருங்க டாக்டரு. அதுல உங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சேன். சும்மாதான் கூப்புட்டேன்."

அத்தனை வருஷத்தில் அக்கா ஒரு வேலையும் இல்லாமல் எனக்குச் செய்த முதல் போன் அது. நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அளந்து கொடுத்த பேச்சில் எனக்காக ஒதுக்கியது தீர்ந்த பிறகும், அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவதைக் கேட்டபடி நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.